சஷ்டி விரதமும் இடியன் துவக்கும்

என் கணவர் தன் மீசையைப் பந்தயம் வைத்தது லண்டன் மோர்டனில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில். நான் சாப்பாட்டு மேசையில் பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து, நீளமான வால்நட் மரக்கட்டையைக் கிடத்தி, உளியால் சீவிக்கொண்டிருந்தேன். அவர் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார். சீவல் ஒன்று கோப்பைக்குள் விழுந்தது. அவர் அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"உது உண்மையா வெடிக்கும் எண்டு நினைக்கிறீரோ?"

"வெடிக்கும்."

"வருசம் முடியிறதுக்குள்ள உது ஒருக்கா வெடிச்சால் நான் மீசையை எடுக்கிறன்."

"முழுசாவோ, ஒரு பக்கமோ?"

"முழுசா. எழுதித் தரட்டோ?"

"வேண்டாம். நான் சாட்சி."

அந்த மீசை சாதாரணமானதல்ல. கல்யாணப் படத்தில் கன்னங்கரேலென்று இருக்கிறது. லண்டனில் பேருந்து ஓட்டிய காலம் முழுவதும் நரைத்துக்கொண்டே வந்து, ஓய்வுபெற்ற பிறகு முழு வெள்ளையாகிவிட்டது. காலையில் அதற்கென்று தனிச் சீப்பு. நான் அதில்லாத அவரைப் பார்த்ததே கிடையாது.

துப்பாக்கி செய்யும் எண்ணம் எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. கையால் துப்பாக்கி செய்யக் கற்றுத்தரும் வார இறுதி வகுப்பு ஒன்றைப் பற்றிப் பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்கு எழுதுவதற்காகப் போனேன். குழலின் வாய்வழியாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டு, ஒரு கோலால் இடித்து இறக்கிச் சுடும் பழைய வகை. வன்னிப் பக்கத்தில் அதை இடியன் துவக்கு என்பார்கள். ஆசிரியர், பெரிய கைகளும் சின்னக் குரலும் உள்ள ஆங்கிலேயர், ஒரு மரத்துண்டை என்னிடம் தந்து சீவிப் பார்க்கச் சொன்னார். சீவினேன். கட்டுரையை எழுதிக் கொடுத்தேன், வந்தது. அடுத்த சனிக்கிழமையும் அங்கே போனேன்.

வீட்டில் இதைச் சொன்ன அன்று அவர் பத்திரிகையைக் கீழே வைத்தார்.

"துவக்குக்குப் பயந்து நாடு விட்டு ஓடி வந்தனாங்கள். நீர் இஞ்சை இருந்து துவக்கு செய்யப் போறீரோ?"

"இது ஒருத்தரையும் துரத்தாது, இஞ்சாருங்கோ. ஒரு வெடிக்கும் மற்ற வெடிக்கும் இடையிலை தேத்தண்ணி ஊத்திக் குடிக்கலாம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் எதிர்க்கவில்லை. கேலி மட்டும் செய்தார். உரிமம் கேட்டபோது காவல்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து, சுவரில் பூட்டிய இரும்பு அலுமாரியை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். பிறகு என் கணவரைத் தனியாக அழைத்து, மனைவி துப்பாக்கி வைத்திருப்பதில் ஏதும் கவலை உண்டா என்று விசாரித்தார். அவர் சொன்ன பதிலை அன்று முழுவதும் தொலைபேசியில் உறவுகளுக்கெல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவ்வளவு வருசமா ஆட்டிறைச்சி வெட்டுற கத்தி அவவின்ரை கையிலைதான் கிடக்குது. நான் இன்னும் உயிரோடைதானே இருக்கிறன் எண்டு சொன்னன்."

குழலை மட்டும் நான் செய்யவில்லை. அது சோதித்து முத்திரை குத்தப்பட்டு வந்தது. மற்றதெல்லாம் கை வேலை. மரத்தில் குழல் உட்காரப் பள்ளம் எடுக்க வேண்டும். இரும்புக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு தாள் நுழையக்கூடாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. இரும்பில் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் அழுத்தி எடுத்தால், முட்டும் இடத்தில் மட்டும் கரி ஒட்டும். ஒட்டிய இடத்தைச் சீவ வேண்டும். மறுபடி பூசி, மறுபடி அழுத்த வேண்டும். சாமி விளக்கின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, கண்மைக்குப் பிடிப்பதுபோலக் கரி பிடித்தேன். மாதக்கணக்கில் எங்கள் வீட்டுக் கதவுப் பிடிகளிலும் பால் போத்தலிலும் என் விரல் அடையாளம் இருந்தது. மரம் இரும்பைப் பிடித்துக்கொண்ட நாளில், குழலை வைத்ததும் பள்ளத்துக்குள் இருந்த காற்று வெளியேறும் சத்தம் மெல்லக் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகவே குழலைப் பலமுறை எடுத்து எடுத்து வைத்தேன்.

இனிச் சிக்கல் வந்த இடத்தைச் சொல்ல வேண்டும். விசையை இழுத்தால், சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய சுத்தியல் முன்னால் விழும். கல் எதிரே நிற்கும் எஃகுத் தகட்டை உரசும். பொறி பறந்து கீழே ஒரு குட்டிக் கிண்ணத்தில் உள்ள மருந்தில் விழும். அங்கே பிடித்த தீ ஒரு துளை வழியாகக் குழலுக்குள் போகும். ஆகவே எல்லாம் அந்தத் தகட்டில் இருக்கிறது. தகட்டின் முகம் கண்ணாடி மாதிரிக் கடினமாக இருந்தால்தான் பொறி வரும். ஆசிரியர் வகுப்பிலேயே அதைக் கடினப்படுத்தித் தந்திருந்தார்.

நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து துலக்கினேன். வெள்ளிக்கிழமை தோறும் குத்துவிளக்குத் துலக்கிப் பழகிய கைக்கு மங்கலாக ஓர் உலோகம் வீட்டில் கிடப்பது பொறுக்காது. அரத்தாளால் தேய்த்து, இன்னும் மெல்லிய தாளால் தேய்த்து, முகம் தெரியும் வரை தேய்த்தேன். முகம் தெரிந்தது. பூட்டிப் பார்த்து விசையை இழுத்தால் ஒரு பொறியும் இல்லை. கல் அந்தப் பளபளப்பின் மேல் கோடு கிழித்துக்கொண்டு போனது.

ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கையில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார். பட்டறை பூட்டிக் கிடந்தது. நான் சொன்னதைக் கேட்டு நெடுநேரம் சிரித்தார். கடினமான தோல் தாளைவிடச் சற்றுத்தான் தடிப்பு, அதை நீ தேய்த்து எறிந்துவிட்டாய் என்றார். வழியும் சொன்னார். எலும்பைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரிக்குள் தகட்டைப் புதைத்து, இரும்புப் பெட்டியில் மூடிச் சில மணி நேரம் செந்தணலாக வைத்திருந்து, சட்டென்று தண்ணீரில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சமைக்கிற எலும்பு போதும் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் சேர்ந்திருந்த துப்பாக்கிச் சூட்டுச் சங்கத்தில் பழைய வகைத் துப்பாக்கிகளுக்கான வருடத்தின் கடைசி நாள். அதைத் தவறவிட்டால் பந்தயம் அவருக்கு. எலும்புக்கரியைக் கடையில் சொல்லி எடுப்பிக்க அதைவிட நாள் செல்லும்.

அன்று கந்தசஷ்டி தொடங்கியிருந்தது.

எங்கள் வீட்டில் சஷ்டி என்றால் ஆறு நாளும் அவர் பாலும் பழமும்தான். ஃபிரிட்ஜ் கழுவப்பட்டுவிட்டது. இறைச்சிச் சட்டி கொட்டகைக்குப் போய்விட்டது. ஒவ்வொரு நாளும் நார்தர்ன் லைன் ரயிலில் இந்த முனையில் ஏறி, ஆர்ச்வேயில் இறங்கி, ஏற்றத்தில் நடந்து ஹைகேட் முருகனிடம் போய் வருவார். சவரமும் கிடையாது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எலும்போ? இந்த வளவுக்குள்ளையோ? சஷ்டியிலையோ?" என்றார். "உமக்கு விசரே?"

"தோட்டத்து மூலையிலை..."

"ஏலாது. மணம் வீட்டுக்குள்ள வரும்."

"உண்மையைச் சொல்லுங்கோ. உது முருகனுக்காகவோ, மீசைக்காகவோ?"

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். கேட்டது கொஞ்சம் அதிகம் என்று எனக்கே தெரிந்தது; ஆனாலும் சரியான கேள்வி.

மாலையில் அவர் திரும்பியபோது கையில் பெரிய சாக்குப் பை ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து நான் நின்ற இடத்தில் பொத்தென்று வைத்தார். உள்ளே தேங்காய்ச் சிரட்டைகள். கோயிலில் உடைத்த காய்களின் பருப்பை எடுத்தபிறகு மிஞ்சியவை. சமையற்கட்டில் கேட்டு வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"எலும்புக்கரியும் கரிதானே, சிரட்டைக்கரியும் கரிதானே. உம்முடைய வாத்தியாரிட்டைக் கேளும்" என்றார். "என்ரை மீசைக்கு முருகனை இழுக்காதேயும்."

ஆசிரியரிடம் கேட்டேன். சிரட்டை என்றால் என்னவென்று விளக்கவே சற்று நேரமானது. பிறகு யோசித்துவிட்டு, ஆகும், ஆனால் எலும்பைவிட மெதுவாக வேலை செய்யும், சலவைச் சோடா கொஞ்சம் கலந்து கூடுதல் நேரம் வை என்றார். தானே செய்து பார்த்ததில்லை என்பதையும் சொன்னார்.

மறுநாள் தோட்டத்தில் செங்கல்லை அடுக்கி அடுப்பு ஒன்று கட்டினோம். முதலில் சிரட்டையைச் சுட்டு இடித்துக் கரியாக்கி, சலவைச் சோடா கலந்தேன். தகட்டை அந்தக் கரிக்குள் வைத்து, இரும்புப் பெட்டியை மூடி, விளிம்பைக் களிமண்ணால் பூசினேன். பெட்டி தணலுக்குள் போனது. துருத்திக்குப் பதில் என் தலைமுடி காயவைக்கும் மெசின். அதன் மூக்கில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகியிருந்தேன். அதைப் பிடிக்க ஆள் வேண்டும். வேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டு, நெற்றியில் திருநீற்றோடு, அவர் ஒரு முக்காலியில் குந்தினார்.

"உங்கட மீசைக்கு நீங்களே கொள்ளி வைக்கிறியள்" என்றேன்.

"நீர் கதையாமல் கரியைப் போடும். இந்தப் பக்கம் தணல் குறையுது."

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, இந்தக் குளிரில் பார்பிக்யூவா, என்ன வாட்டுகிறீர்கள் என்றார். ஒரு துண்டு இரும்பு என்றார் என் கணவர், ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக. அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, நன்றாக வேகட்டும் என்று சொல்லி உள்ளே போனார்.

பெட்டி மணிக்கணக்காகச் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. குறட்டால் தூக்கி, மூடியைத் தட்டி, உள்ளிருந்ததை அப்படியே தண்ணீர் வாளிக்குள் கொட்டினேன். வாளி சீறியது. ஆவி அவருடைய கண்ணாடியை மூடியது. கை விட்டுத் துழாவித் தகட்டை எடுத்தேன்: சாம்பலும் நீலமுமாக ஒரு நிறம், மங்கல். அரத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். ஐஸ்கட்டியில் கத்தி வைத்ததுபோல அரம் வழுக்கிக்கொண்டு போனது.

"இனியும் துலக்கினீரோ, தெரியும்" என்று விரலை ஆட்டினார் அவர்.

துலக்கவில்லை. நொறுங்காமல் இருக்க அதை இலேசாகச் சூடாக்கி ஆறவிட்டு, துப்பாக்கியின் சுத்தியல் பகுதியான பூட்டில் மாட்டி, வெறும் பூட்டை மட்டும் கையில் பிடித்து விசையை இழுத்தேன். மத்தாப்பு உதிர்வதுபோலப் பொறி கொட்டியது.  "இன்னொருக்கா" என்றார் அவர். இழுத்தேன். "இஞ்சை தாரும்" என்று வாங்கித் தானும் இழுத்தார். மாலைப் பாலையும் மறந்து அந்த முக்காலியிலேயே இருந்து இழுத்துக்கொண்டிருந்தார்.

சூரசம்ஹாரம் முடிந்து, அவர் விரதம் முடிக்கும் பாறணைச் சோறு சாப்பிட்ட பிறகுதான் ஞாயிறு வந்தது. ஒரு வாரத் தாடியோடு, சஷ்டிச் சந்தனத்தோடு, லண்டனுக்கு வெளியே சரே பக்கத்தில் உள்ள சூட்டுத் திடலுக்குக் கூடவே வந்தார். புதுத் துப்பாக்கியின் முதல் வெடியைத் தோளில் வைத்துச் சுடுவதில்லை. மேசையில் மண் மூட்டைகளுக்கு இடையில் கட்டி வைத்து, விசையில் கயிறு போட்டுத் தூரத்தில் நின்று இழுக்க வேண்டும்.

"என்ன, ஆட்டுக்குட்டி மாதிரிக் கட்டிக் கிடக்குது" என்றார்.

களப் பொறுப்பாளர் எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். காதுகளை மூடிக்கொண்டோம். கயிற்றை இழுத்தேன். புஸ் என்று கிண்ணத்தில் மட்டும் தீ பிடித்து, ஒரு குட்டிப் புகை எழுந்து அடங்கியது. குழல் சும்மா கிடந்தது.

"உது வெடி இல்லை" என்றார் அவர் உடனே. "உது சாம்பிராணி."

பொறுப்பாளர் சொன்ன நேரம் வரை காத்திருந்தோம். பிறகு துளையைக் கம்பியால் குத்தித் துப்புரவாக்கி, கிண்ணத்தில் மருந்து வைத்து, மறுபடி கயிற்றைப் பிடித்தேன்.  இழுத்தேன்.

வயிற்றில் குத்து விழுந்ததுபோல ஒரு சத்தம். வெள்ளைப் புகை மேசையை முழுக்க மறைத்தது. ஊரில் இப்படிச் சத்தம் கேட்டால் முதலில் குனிவோம், பிறகுதான் எந்தப் பக்கம் என்று பார்ப்போம். அன்று அவர் குனியவில்லை. பாதுகாப்புக் கோட்டுக்குப் பின்னால் நின்றபடி, கழுத்தை நீட்டிப் புகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"வெடிச்சிட்டுது!" என்று கத்தினார். "அம்மாணை, வெடிச்சிட்டுது!" பக்கத்தில் நின்ற பொறுப்பாளரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "சிரட்டை! கோகனட் ஷெல்! மை ஐடியா!" அங்கே நின்ற ஒவ்வொருவரிடமும் போய்த் தணலையும் சலவைச் சோடாவையும் விளக்கினார். ஒருவர் தனக்கும் கொஞ்சம் சிரட்டை கிடைக்குமா என்று கேட்டார். ஒரு சாக்கே தருகிறேன் என்றார். வாக்குக் கொடுத்த கை அப்படியே மேலே போய் மீசையில் நின்றது. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"விடுங்கோ" என்றேன். "சும்மா சொன்னதுதானே."

"அதென்ன விடுறது? வெடிச்சால் எடுக்கிறன் எண்டனான். வெடிச்சது."

வீடு வரை பொறுக்கவில்லை. வழியில் திறந்திருந்த ஒரு சலூனில் காரை நிறுத்தச் சொன்னார். துருக்கிக்கார நாவிதர் தாடியை எடுத்து முடித்துவிட்டு, மீசையையும் எடுக்கவா என்று மூன்று தரம் கேட்டார். எப்போதிலிருந்து வைத்திருக்கிறீர்கள் என்றார். ஏன் எடுக்கிறீர்கள் என்றார்.

"மை வைஃப்ஸ் கன் வென்ட் ஆஃப்" என்றார் என் கணவர் சந்தோசமாக. மனைவியின் துப்பாக்கி வெடித்துவிட்டதாம்.

நாவிதரின் கத்தி நடுவழியில் நின்றது. கண்ணாடிக்குள் என்னை ஒருமுறை பார்த்தார். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மிக மிகக் கவனமாக, மிக அழகாகச் சவரம் செய்தார்.

எழுந்து திரும்பியவரின் மேலுதட்டை நான் முதல்முறையாகப் பார்த்தேன். மெல்லிய உதடு. நடுவில் குழந்தைக்கு இருப்பதுபோல ஒரு குழி. வெளியே நவம்பர்க் காற்று அடித்தது. அவர் இரண்டு விரலால் மூக்கின் கீழே மூடிக்கொண்டு நடந்தார்.

"என்ன?" என்றேன்.

"காத்து நேரா மூக்குக்குள்ள போகுதப்பா."

எனக்கு வந்த சிரிப்பில் கார்ச் சாவியைத் துளையில் போட முடியவில்லை. அவர் அதை வாங்கித் தானே ஓட்டினார், ஒரு கையால்.