பாரத மாதா காலண்டரில் ஒரு கைலிக்காரர்

வாஷியில் பேத்தியின் பள்ளி விழாவுக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர்: ஒவ்வொரு மாநிலத்து உடுப்பிலும் ஒரு ஜோடி, நடுவில் கொடி. அன்றுதான் அச்சடித்து வந்ததோ என்னவோ, மை வாடை இன்னும் அடித்தது. என்ன நிகழ்ச்சி நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் மாஹிம் பிரஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

அறுபதுகளில் அங்கே எனக்கு டைப்பிஸ்ட் வேலை. மாதுங்காவிலிருந்து போய்வருவேன். என் டைப்பிங்கின் லட்சணத்தை முதலாளி வாயால் கேட்டிருக்க வேண்டும் நீங்கள்! கடைசியில் அவர் என்னை மெஷினிலிருந்து எழுப்பி, காலண்டர் அடிக்க வருகிறவர்களுக்கு மாதிரிப் படங்களைக் காட்ட உட்காரவைத்தார். லட்சுமி, முருகன், மெக்கா, போர்முனை ஜவான், எல்லாம் உண்டு. அதிகம் போனது பாரத மாதாதான். அவள் காலடியில் பிள்ளைகள்: தலைப்பாகையோடு சர்தார், வேட்டியோடு வங்காளி, குடுமியும் விபூதியுமாக ஒரு மதராசி, ஷெர்வானியும் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பியுமாக ஒரு முஸ்லிம். எங்கள் வீட்டில் இந்தியா என்றால் அந்தப் படம்தான். மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூடமே போகாத என் அம்மா யார் எந்த ஊர் என்று தெரிந்துகொண்டது அதைப் பார்த்துத்தான்.

தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த காதர் பாய் தன் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்க வருஷா வருஷம் காலண்டர் அடிப்பார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கட்டம் போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, துணித் தொப்பி. ஒருமுறை அந்தப் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"எம்மா, இந்தக் கூட்டத்துல நான் எங்கன நிக்கேன்?"

நான் ஷெர்வானிக்காரரைக் காட்டினேன்.

"இந்தக் கோட்ட எங்க வாப்பாகூடப் போட்டதில்ல. இவருகிட்டத் தமிழ்ல பேசுனா முழிப்பாரு."

மதராசியைக் காட்டினேன்.

"இவருகிட்டப் பேசலாம். ஆனா குடுமிக்கு நான் எங்க போவேன்?" என்று தொப்பியைத் தூக்கி வழுக்கையைத் தடவினார்.

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும், "நம்மளையும் ஒரு ஓரமா நிக்க வைக்கச் சொல்லுங்கம்மா" என்றார். அது வேடிக்கைப் பேச்சில்லை என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

படம் வரைகிற மராத்திக்காரரை எல்லோரும் காகா என்போம். "ஹோ ஜாயேகா" என்று ஒப்புக்கொண்டவர், வலது ஓரத்தில் கைலி கட்டிய ஒரு மனிதரை நிற்கவைத்தார். அச்சு அசல் பாயின் முகம். பாய்க்குத் தலைகால் புரியவில்லை. கடை கடையாகத் தானே கொண்டுபோய் மாட்டினார். அடுத்தடுத்த வருஷங்களிலும் அதே படத்தையே அடித்தார். நானும் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"இது யாருடீ?" என்றாள் அம்மா.

"தாராவியில இருக்கற முஸ்லிம்மா. தமிழ்தான் பேசுவார்."

"நம்ம பாஷையா!"

எங்களுக்கும் தாராவிக்கும் நடுவில் இருந்தது ரயில் பாதை மட்டும்தான். அத்தனை வருஷம் அதைத் தாண்டி வராத சேதி காலண்டரில் வந்து சேர்ந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஊர் மாறிப்போயிற்று. மதராசிகள் வேலையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று தெருவெல்லாம் கோஷம். கைலியைப் பார்த்தால் கேலி, சில இடங்களில் கல். ரயிலில் நாங்கள் குரலைத் தணித்துத் தமிழ் பேசினோம், பிறகு பேசுவதையே விட்டோம். மாஹிமில் ஒரு கடையில் தொங்கிய பாயின் காலண்டரில், கைலிக்காரரின் முகத்தை மட்டும் யாரோ பிளேடால் கீறிவிட்டார்கள்.

அடுத்த காலண்டருக்குச் சொல்ல பாய் பேண்ட் போட்டுக்கொண்டு வந்தார். அது இடுப்பில் நிற்காமல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்த ஆள எடுத்துரச் சொல்லுங்கம்மா. மாட்டுற கடைக்காரங்களுக்கு என்னால கஷ்டம் வரப்பிடாது."

காகா தூரிகையைக் கழுவித் துடைத்தார். பிறகு அந்த மனிதர் மேல் ஒரு மயிலை வரைந்தார். தேசியப் பறவை, யாரும் குறை சொல்ல முடியாது. அழகான மயில்தான். எனக்கு அழுகை வந்தது.

பிரஸ் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. காகா போய்ச் சேர்ந்துவிட்டார். பாயின் பட்டறையும் இல்லை. இதெல்லாம் போகத்தான் போகும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். தேற்றிக்கொள்ள முடியாதது ஒன்றுதான். புதுக் காலண்டர் கட்டை எடுத்துப் போக வந்த பாய், ஒன்றை விரித்து மயிலைப் பார்த்தார். என்ன சொல்வாரோ என்று நின்றேன்.

"பஹுத் அச்சா ஹை, பெஹன்ஜி."

அந்த அறையில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் தமிழ் பேசவே இல்லை.