மாமன் சீரும் நீல இட்லியும்

என் தாய்மாமன் அன்னூரில் இருக்கிறார். என் கல்யாணத்துக்கு அவர் வைத்த சீர் ஒரு பெரிய கிரைண்டர். கறவை எருமையை விற்று வாங்கியது. பக்கத்துத் தகட்டில் அவர் பெயரும் 'தாய்மாமன் அன்பளிப்பு' என்பதும் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கும். எங்கள் பக்கம் ஒரு டம்ளர் கொடுத்தாலும் பெயர் வெட்டாமல் கொடுக்க மாட்டோம். அமாவாசைக்கு அமாவாசை மாமா போன் செய்வார். என் உடம்பை விசாரிப்பதற்கு முன்னால் கிரைண்டர் ஓடுகிறதா என்றுதான் விசாரிப்பார்.

போன வருஷம் நான் மகள் வீட்டுக்குப் போயிருந்த பத்து நாளில் என் வீட்டுக்காரர் அதை உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடைக்குத் தள்ளிவிட்டார். நான் திரும்பி வந்ததும், சமையலறை எவ்வளவு விசாலமாகிவிட்டது பார் என்று கையை வேறு விரித்துக் காட்டினார். எனக்குச் சாதாரணமாகவே கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கு அவர் மதியச் சோற்றைக் கடையில்தான் சாப்பிட்டார். ஆனால் மாமாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று அமாவாசைக்கு, கிரைண்டர் ஜோராக ஓடுகிறது என்று கூசாமல் புளுகினேன்.

நான்காவது அமாவாசைக்கு அவர் போட்டது வேறு குண்டு. கண்ணில் புரை முற்றிவிட்டதாம், கோயம்புத்தூரில்தான் ஆபரேஷனாம், எட்டு நாள் என் வீட்டில் தங்கப்போகிறாராம். பிள்ளை குட்டி இல்லாத மனிதர். அவர் பெயரைச் சொல்ல இந்த உலகத்தில் இருப்பது அந்தத் தகடு ஒன்றுதான். அது பழைய இரும்போடு போய்விட்டது என்று தெரிந்தால் மனுஷர் நொறுங்கிப்போவார். வீட்டுக்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு உக்கடம் போனேன்.

கடைக்காரர் வயதான பாய், நிதானமானவர். உள்ளே நுழைந்தால் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கிரைண்டர், அதில் ஒரு தாய்மாமன், ஒரு பெரியப்பா, ஒரு நண்பர்கள் குழு. எந்தச் சாமானும் அதற்குரிய வேலைக்காக அங்கே விற்பனையாகவில்லை. பழைய வாஷிங் மெஷினைத் தோட்டத்துக்காரர்கள் சோளம் கொட்டி வைக்க வாங்கிப்போவார்களாம், எலி ஏறாதாம். ஓடாத பிரிஜ்ஜில் வேட்டி சட்டை அடுக்கலாமாம். எங்கள் கிரைண்டர் மட்டும் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு உடனே மூளை வேலை செய்தது. வேறொரு கிரைண்டரை வாங்கி, அதிலிருக்கும் பெயரைத் தேய்த்துவிட்டு எங்கள் மாமா பெயரை வெட்டிவிடலாம் என்றார். பாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேரை அழிச்ச சாமான் திருட்டுச் சாமானுங்க. என்ற கடையில அந்த வேலை நடக்காதுங்க."

எங்களுடையது அடுத்த தெருவில் ஒரு லாண்டரிக்குப் போயிருக்கிறது என்றும் அவரே சொன்னார். போய்ப் பார்த்தால், மாமாவின் பெயர் வாசலைப் பார்த்தபடி பளபளக்கிறது. கல்லுக்குள் அரிசியும் இல்லை உளுந்தும் இல்லை, வேட்டிகளுக்கான நீலம் போட்ட கஞ்சி சுற்றிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு கட்டியில்லாத கஞ்சியைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று லாண்டரிக்காரர் மெச்சினார். பணம் எவ்வளவு சொன்னாலும் தரமாட்டேன் என்றார். கடைசியில் எங்கள் வாஷிங் மெஷினை ஈடாகக் கொடுத்தால் எட்டு நாளைக்குக் கிரைண்டரைத் தருவதாக இறங்கி வந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டோம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து உப்பு, புளி, தவிடு என்று எதெதையோ போட்டுக் கல்லைத் தேய்த்தேன். கொத்திய குழிகளுக்குள் இறங்கிய நீலம் அசையவில்லை. இரண்டு தடவை ஆட்டிய மாவைச் சாக்கடையில் கொட்டினேன். மூன்றாவது தடவையும் இட்லி லேசான நீலத்தில்தான் வெந்தது.

மாமா வந்தார். செருப்பைக் கழற்றியதும் சுவரைத் தடவித் தடவி நேரே சமையலறைக்குப் போனார். தகட்டின் மேல் விரலை ஓட்டி, புள்ளி புள்ளியாகத் தன் பெயரைப் படித்தார். முகமெல்லாம் சிரிப்பு. மாவு ஆட்டச் சொல்லிப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மிக்சியில் அரைத்து ஏமாற்ற வழியே இல்லை. மங்கிய கண்ணுக்கு நீலமும் தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்தபிறகு என்ன ஆகும் என்று நினைத்து எனக்குத் தூக்கம் போயிற்று.

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் என் வயிற்றில் பால் வார்த்தார். சில நாளைக்கு எல்லாம் கொஞ்சம் நீலமாகத் தெரியலாம், பயப்பட வேண்டாம் என்றார். அவர் காலில் விழலாம் போல இருந்தது. மறுநாள் காலை மாமா இட்லி வைத்த வெள்ளைப் பீங்கான் தட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் தட்டத்தைப் பார்த்தார்.

"டாக்டரு சொன்னது சரியாத்தான் இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு ஆறு இட்லி சாப்பிட்டார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எட்டாம் நாள் அவரை பஸ் ஏற்றப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"அந்த டாக்டரு சொன்ன நீலம் எனக்கு வரவே இல்ல கண்ணு. தட்டம் வெள்ளையாத்தான் தெரிஞ்சுது, இட்லி மட்டுந்தான் நீலம்."

பின்னே ஏன் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஊட்டுலயே இருந்த கல்லு நீலம் உடாது. எங்கயோ போனதத் தேடிப் புடிச்சுக் கொண்டாந்திருக்கற. அத நான் திங்காம வேற யாரு திங்கறது?"

பஸ் கிளம்பிவிட்டது. அத்தனை பேர் பார்க்க நின்ற இடத்திலேயே அழுதேன், வெட்கமாக இல்லை. வீட்டுக்கு வந்ததும் லாண்டரிக்காரருக்குப் போன் செய்து, கிரைண்டர் இனி எங்களிடமே இருக்கும், வாஷிங் மெஷினை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் இப்போது துணியைக் கையால்தான் துவைக்கிறார்.