தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும்

செல்லக்கனிக்குத் தன் டெஸ்ட் மேல் சந்தேகமே வந்ததில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண். சேரப்பணஞ்சேரி அருகே, பால் பண்ணைகளுக்குத் தயிர் உறை ஊற்றும் பொடி தயாரிக்கிற கம்பெனியில் லேப் டெக்னீஷியன். தொட்டியில் வளர்த்த பாக்டீரியாவைக் குளிரவைத்து, உறையவைத்து, பொடியாக்குவார்கள். பாலில் விழுந்ததும் அது உயிர் பெற்று எழ வேண்டும். கடந்த இரண்டு முறையும் எழவில்லை என்று செல்லக்கனியின் டெஸ்ட் காட்டியது.

"உன் டெஸ்ட்தான் தப்பு. அடுத்ததும் இப்படின்னா வேற வேலை பாத்துக்கோ" என்றுவிட்டார் மேனேஜர் காந்திமதி. செல்லக்கனி அழுகிற ரகமில்லை, கோபப்படுகிற ரகம். நேரே தொட்டியடிக்குப் போய் நின்றாள்.

ஷிப்ட் முடிகிற நேரம். ஆபரேட்டர் தணிகாசலம் குளிர்நீர் வால்வை முழுசாகத் திறந்தார். தொட்டி குளிர்ந்தால்தான் அவர் கிளம்பலாம். வாசலில் கம்பெனி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அதை விட்டால் பென்னலூர் வீட்டுக்கு அவர் பஸ் மாறி மாறித்தான் போய்ச் சேர வேண்டும்.

"அண்ணே, இதுதாம்ண்ணே அதைக் கொல்லுது. மெல்லக் குளிர வைக்கணும்."

"இன்னாம்மா பேசற? எப்டியும் உறையத்தான போவுது!"

மறுநாள் கேன்டீன் பிரிட்ஜிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தேங்காய் எண்ணெய் கல்லாய் இறுகியிருந்தது. நல்லெண்ணெய் தளதளவென்று ஆடியது.

"பாத்தியளா? பாக்டீரியாவைச் சுத்தி கொழுப்பால ஒரு சவ்வு இருக்கு. குளிர் மெல்ல வந்தா, இறுகுற கொழுப்பைக் குறைச்சு, இளகுற கொழுப்பை அதுவே செஞ்சு சேத்துக்கிடும். சவ்வு வளையும், உடையாது. நீங்க திடுதிப்புன்னு குளிர வச்சா அதுக்கு ஏதுண்ணே நேரம்?"

தணிகாசலம் பாட்டில்களை மாற்றி மாற்றிச் சாய்த்துப் பார்த்தார்.

அடுத்த தொட்டிக்கு வால்வை நூலளவுதான் திறந்தார். பஸ் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போயேவிட்டது. "வூட்ல எம் பொண்டாட்டி ரத்னாவுக்கு நீதான் பதில் சொல்லணும்" என்று முனகினாரே தவிர, வால்வை விட்டுக் கையை எடுக்கவில்லை. அந்த மனுஷனை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பொடி தயாரானதும் காந்திமதி தன் கையாலேயே டெஸ்ட் செய்தார். கண்ணாடித் தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள்.

"இவ்ளோ பேரும் உசுரோட கீறானுங்களா?" தணிகாசலம் வாயைப் பிளந்தார்.

காந்திமதி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. போனை எடுத்து பஸ் டிரைவரைக் கூப்பிட்டார்.

"இனிமே தொட்டி குளிர்ற வரைக்கும் வண்டி நிக்கணும். எவனாவது ஏன்னு கேட்டா, செல்லக்கனி மேடம் சொன்னாங்கன்னு சொல்லு."