கீழே தொங்கிய முல்லை

1963-இல் மாட்டுங்காவில் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். பின்பக்கம் கம்பி போட்ட கேலரியில், பழைய எண்ணெய் டின்னில் ஒரு முல்லைக்கொடி வைத்தேன். தண்ணீர் ஊற்றிய நேரம், துளிர் விட்ட நாள் எல்லாம் என் டைரியில் இருக்கும். கொடி கம்பியைத் தாண்டிக் கீழே வழிந்தது. இரண்டு வருஷமாகியும் என் கண்ணில் ஒரு மொட்டு படவில்லை. சுவாமி படத்துக்கு ஒரு சரமாவது வேண்டும் என்று மனைவி காத்திருந்தாள்.

எங்களுக்கு நேர்கீழே, முதல் மாடியில் இருந்த கீழ்வீட்டு மணி தினமும் சாயங்காலம் காப்பிக்கு வருவார். "இன்னிக்கும் பூக்கலையா ஓய்? வேருக்குப் புளிச்ச மோர் ஊத்தும்" என்பார். ஊற்றினேன்.

ஒரு நாள் பெருமழை. மத்தியானமே ஆபீஸை விட்டுவிட்டார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர் என்பதால் பின்சந்து வழியாக வந்தேன். நிமிர்ந்து பார்த்தால், முதல் மாடிக்கு நேரே கொடி முழுக்க மொட்டு. மணி தன் கேலரியில் ஸ்டூலில் ஏறிப் பறித்துக்கொண்டிருந்தார்.

அன்று காப்பிக்கு வந்தவரிடம் கேட்டேன்.

"கீழே தொங்கறது கீழ்வீட்டுக்குத்தானே ஓய்" என்று சிரித்தார்.

"சொல்லியிருந்தா நானே பறிச்சுக் கொடுத்திருப்பேனே."

"அப்போ உம்மகிட்டே கேட்டு வாங்கினதா ஆயிடுமே."

மறுநாள் கொடியை மேலே இழுத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். மனைவிக்குச் சரம் சரமாகக் கிடைத்தது. மணி வருவதை நிறுத்திக்கொண்டார்.

பூ போனதை அன்றே மறந்துவிட்டேன். அந்த மோர் யோசனையைத்தான் மறக்க முடியவில்லை. இப்போதும் யாராவது அக்கறையாக ஏதாவது சொன்னால், முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர்கள் கையைப் பார்க்கிறேன்.