சலவைக்கூடத்துக்காரியின் கடைவாய்ப் பல்

லாட்ஜ்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. அங்கே அவளுக்கு ‘கேட்டுச் சொல்றேன்’ என்று பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிற அன்றைக்கு மட்டும் வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியுமா என்றால், கேட்டுச் சொல்றேன். எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுப்போமா என்றால், கேட்டுச் சொல்றேன். ஒருநாள் அவளுக்கு விக்கல் எடுத்தபோது மேஸ்திரி, “தண்ணி குடிக்கிறியா, இல்ல அதையும் கேட்டுதான் சொல்லுவியா?” என்றார். கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

கேட்க வேண்டிய ஆள் அவள் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவர் என்று மரியாதையாகவே சொல்லிவிடுவோம், தெருவே அப்படித்தான் சொல்கிறது. குழந்தைகளின் பையை வாங்கி வைப்பார், தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டு வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார். தாய்மார்களுக்கு அவர் தங்கமான மனிதர். தங்கம் வீட்டுக்குள் வந்ததும் என்னவாகும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

கல்யாணமான புதிதில், கேட்காமல் செய்ததற்கு அடி விழுந்தது. அம்மா வீட்டுக்குப் போனதற்கு, முடியைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டதற்கு. சரி, கேட்டுவிடுவோம் என்று கேட்க ஆரம்பித்தாள். அப்போது, “இதைக்கூடவா கேப்பாங்க? உனக்கே புத்தி இல்லையா?” என்று அடி விழுந்தது. ஆகவே எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்று கற்றுக்கொண்டாள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, கொட்டாவி விடுவதற்கு முன்பு. அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஒரு வருஷத்துக்கான ஆசைகளையெல்லாம் அடைத்துவிட வேண்டும். அடைபடாதவற்றை விட்டுவிட்டாள். விட்டது நிறைய.

சலவைக்கூடத்தில் அவளுக்குப் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை. அது ஒற்றை ஆளால் ஆகாது. எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, முனைகளைச் சேர்க்க ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு முகங்களும் கிட்டத்தில் வந்து விலகும். அவளுக்கு ஜோடி நெட்டையக்கா. இத்தனை வருஷத்தில் அவள் முகத்தைத் தினமும் அருகே பார்த்தவர் அவர் ஒருவர்தான். கதவில் இடித்துக்கொண்டேன், படியில் விழுந்துவிட்டேன் என்று அவள் சொன்னதையெல்லாம் கேட்டு, “உன் வீட்டுக் கதவு ரொம்பப் பொல்லாததா இருக்கே” என்பார். அதற்குமேல் தோண்ட மாட்டார்.

அந்த வாரம் இடது கன்னம் பந்துபோல வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல் ஒன்று விண்டுபோய், உள்ளே சீழ் வைத்துவிட்டது. விரிப்பின் முனையோடு கிட்டே வந்த நெட்டையக்கா அடுத்த மடிப்பு மடிக்கவில்லை.

“கிளம்பு.”

“கேட்டுச் சொல்றேன்கா.”

“செத்த பிறகு கேட்டுக்கலாம். நட.”

அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டரம்மா விளக்கடியில் வாயைப் பார்த்துவிட்டு, இன்றைக்கே பிடுங்க வேண்டும், விட்டால் சீழ் கழுத்துக்கு இறங்கிவிடும் என்றார். அவள் பழக்கதோஷத்தில், ‘கேட்டுச் சொல்றேன்’ என்றாள். டாக்டரம்மாவுக்கு வெளியே ஒரு கூட்டம் காத்திருந்தது. “பல்லு என்ன பங்காளிச் சொத்தாம்மா, எல்லாரும் கையெழுத்துப் போட? சீக்கிரம் கேளுங்க” என்றார்.

அவள் நடைக்கூடத்தில் நின்று கணவருக்குப் போன் செய்தாள். பல்லைப் பிடுங்கணுமாம் என்றாள். “எப்படி ஒடஞ்சதுன்னு கேட்டாங்களா?” என்றார் அவர்.

“இன்னும் கேக்கல.”

“கேட்டா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு. அதெல்லாம் எதுக்கு, பிடுங்க வேணாம். வீக்கம் தானா வத்திடும். கிளம்பி வந்துடு.”

வலிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அந்தக் குரல் புதிதாக இருந்தது. ஆளுக்குப் பயம். இவ்வளவு காலம் அந்த வீட்டில் பயம் முழுக்கத் தன் ஒருத்தி பொறுப்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். போனை வைத்துவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பிடுங்கிடுங்க டாக்டர்.”

டாக்டரம்மா ஊசி போட்டார், பிடுங்கினார், பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னார். அரைமணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார். பல் எப்படி உடைந்தது என்று கேட்கவே இல்லை. அவருக்கு நேரம் எங்கே?

ஆஸ்பத்திரிக்கு அடுத்த சந்திலேயே வீடு. நெட்டையக்கா சந்து முனைவரை கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். வேன் அதற்குள் வாசலில் நின்றது. உள்ளே நுழைந்ததும், “பிடுங்கிட்டியா?” என்றார் அவர். அவள் தலையசைத்தாள். “யாரைக் கேட்டுப் பிடுங்கின?” என்று கத்தத் தொடங்கியவர், பாதியிலேயே குரலை இறக்கிக்கொண்டு, “என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்ன?” என்றார்.

அவள் கன்னத்தைத் தொட்டு, பேசக் கூடாது என்று கைகாட்டினாள். சொல்லிவிட்டாள் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

“நான் என்ன வேணும்னா அடிச்சேன்? கை கொஞ்சம் வேகமா பட்டுடுச்சு.” கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். “நீயும் எதுத்துப் பேசினதானே? அதைச் சொன்னியா? போலீஸ் கீலீஸ்னு போனா வண்டியில யார் புள்ளைய ஏத்துவா?” அவர் தானே கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பஞ்சைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. தாடை வலித்ததால் அடக்கிக்கொண்டாள்.

நேரமானதும் எழுந்துபோய்ப் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு வந்தாள். வாய் மரத்துப்போயிருந்ததால் பேச்சு குழறியது. ஆனாலும் புரிந்தது.

“யாரும் கேக்கல.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்பவே சொல்றதுக்கு என்னடி?” என்று சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

“இனிமே கேட்டா சொல்லிடுவேன். டாக்டர் கேட்டாலும் சரி, வேன்ல புள்ளைய ஏத்திவிடுற அம்மாங்க கேட்டாலும் சரி. வழுக்கி விழுந்தேன்னு சொல்ல மாட்டேன்.”

பொத்தானை விட்டுவிட்டுக் கை மேலே எழுந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் அவள் முகத்தை மூடிக்கொள்வாள். இப்போது மூடிக்கொள்ளவில்லை.

“அடிச்சீங்கன்னா, அவங்க கேக்கற வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டேன்.”

ஓங்கிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல், அவர் பிடரியைச் சொறிந்துகொண்டார்.