நீல ஃபோமின் மேல் முப்பது எண்ணிக்கை

அந்த ஃபோம் துண்டு இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. தி.நகரில் சோபா தைப்பவரிடம் என் தங்கை கெஞ்சி வாங்கி வந்தது. நீல நிறம், நாலு விரல் கனம்.

அப்போது அவள் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அம்மா போன பிறகு சாந்தோம் வீட்டில் நாங்கள் இருவர்தாம். கூடப் படித்தவர்கள் இதயம், எலும்பு என்று பேசிக்கொண்டிருக்க, இவளுக்கு மட்டும் விண்வெளி மருத்துவப் பைத்தியம். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குக் கோவில் கூடத்தில் பட்டினப்பாக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, எடையில்லாத இடத்தில் உடம்பு என்ன பாடுபடும் என்று பாடம் எடுப்பாள். நானும் ஆசிரியைதான். என் வகுப்பில் இத்தனை அமைதியை நான் கண்டதில்லை என்ற பொறாமையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு ஞாயிறு அந்த ஃபோமைத் தரையில் போட்டாள். மாதக்கணக்கில் விண்வெளியில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு குழம்பிப்போயிருக்கும், இதன்மேல் கண்ணை மூடி நின்றால் சாய்ந்துவிடுவார்கள் என்றாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி, முப்பது எண்ணும்வரை ஜோராக நின்றார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "சும்மா நில்லுக்கா. நான் இருக்கேன்ல."

ஏறிக் கண்ணை மூடினேன். நாலு எண்ணுவதற்குள் காலடியில் தரை இல்லை.

"இன்னா டீச்சர், ராக்கெட்ல போயிட்டு வந்து கீறீங்களா?" என்று ஒரு பெண் கத்த, கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை. என்னைப் பிடித்திருந்த அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. என் வலப்பக்கம் வந்து, "எத்தனை நாளாக்கா இடது காது கேக்கல?" என்றாள்.

போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டதையும், முகம் கழுவும்போது சுவரைப் பிடித்துக்கொள்வதையும் நான் களைப்பு என்று தள்ளியிருந்தேன். மறுநாள் ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தபோது பயத்தில் ஜெபம்கூட வரவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவளுக்கு யார் இருக்கிறார்கள் என்பது மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. இடது காதின் நரம்பில் கட்டி. புற்று இல்லை, ஆனால் மூளையை நெருங்கிக்கொண்டிருந்தது. எடுத்தார்கள். அதோடு அந்தக் காதும் போயிற்று. விண்வெளி வீரர்களுக்கென்று அவள் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்துதான் நான் மறுபடி நடை பழகினேன்.

நடக்கத் தொடங்கிய பிறகே ஒன்று உறைத்தது. அன்று நான் கீழே விழவே இல்லை. சாய்வதற்கு முன்பே அவள் கைகள் என் இடப்பக்கம் நீண்டிருந்திருக்க வேண்டும். பிள்ளைகள் யாருக்கும் அவள் அப்படிக் கை நீட்டி நிற்கவில்லை. கேட்டேன்.

"ரெண்டு மாசமா பாத்துட்டுதான் இருந்தேன். டாக்டர்கிட்ட போலாம்னா கத்துவ. வீட்ல தனியா டெஸ்ட் பண்ணிப் பாக்க எனக்குப் பயமா இருந்துச்சுக்கா. எல்லார் முன்னாடியும் கூப்பிட்டா நீ மறுக்காம ஏறி நிப்பன்னு நெனச்சேன்" என்று அழுதாள். அவளுக்கு அப்போது இருபது வயது.

இப்போது அவள் வேறு ஊரில் விண்வெளி மருத்துவம் கற்பிக்கிறாள். கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க எனக்கு வருடத்துக்கு ஒரு ஸ்கேன். நாளைக்கு அது. இன்று காலை போனை பீரோவில் சாய்த்துவைத்து, ஃபோமை இழுத்துப் போட்டு ஏறினேன். வீடியோவில் அவள் எண்ணத் தொடங்கினாள். பன்னிரண்டோடு குரல் நின்றுவிட்டது. பயந்துபோய்க் கண்ணைத் திறந்தேன். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். திரையில் அவள், எண்ணுவதை மறந்து, இரண்டு கைகளையும் என் இடப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தாள்.