அவித்த மாவும் என் குடலும்

வெள்ளவத்தையில், ஒரு வீட்டோடு ஒட்டி நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸின் குசினிக்குள் ஒருவர் திரும்பினால் மற்றவர் வெளியே போகவேண்டும். அந்தக் குசினிக்கு என் கணவர்தான் ராசா. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கல்யாணத்துக்கு முன் கொழும்பில் தனியறையில் இருந்த காலத்தில் சமைக்கப் பழகியவர். கொள்ளுப்பிட்டியில் அலுவலகம் முடிந்து வந்து சட்டையை மாற்றியதும் புட்டு அவிக்கத் தொடங்கிவிடுவார். நான் சமைத்தால் உப்புப் பார்க்கும் சாட்டில் வந்து குழப்புவார். சும்மா இருந்து சாப்பிடக் கசக்குமா? விட்டுவிட்டேன்.

ஆனால் சாப்பிட்டது ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை. வயிறு ஊதும், பிறகு ஓடும். கல்யாணத்துக்குத் தைத்த சட்டைகள் தொளதொளத்தன. அதைவிடப் பெரிய துக்கம், இரண்டு தடவை கரு தங்காமல் போனது. பிள்ளை வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு எண்ணமே கிடையாது. தெருவில் யாருடைய குழந்தையைக் கண்டாலும் எரிச்சல் வரும். ஒளிப்பானேன், பொறாமைதான்.

கடைசியில் ஒரு வைத்தியர் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, கோதுமை எனக்கு ஆகாது என்றார். நல்ல மனிதர், ஆறுதலாக விளங்கப்படுத்தினார். குடலின் உட்பக்கம் ஒரு மதில் மாதிரியாம். கல்லும் கல்லும் நெருங்கி நின்று, வேண்டியதை மட்டும் இரத்தத்துக்குள் விடும். என்னைப் போன்றவர்களுக்குக் கோதுமை பட்டதும் அந்த இடுக்குகள் இளகிவிடும். வரக்கூடாதது உள்ளே வரும். அதை விரட்டப் புறப்படும் உடம்பு கோபத்தில் தன் மதிலையே இடித்துவிடும். பிறகு சத்து எங்கே சேர்வது? கரு தங்காததற்கும் இது காரணமாக இருக்கலாம் என்றார். கோதுமையை அடியோடு விட்டால் மதில் தானாக வளர்ந்து மூடும், அதன்பிறகு பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம் என்றார். பாண், பிஸ்கட், கேக், ரோல்ஸ் எல்லாவற்றுக்கும் தடை.

காலி வீதி பேக்கரிகளை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தேன். எனக்காக அவரும் பாணை விட்டார். காலையும் புட்டு, இரவும் புட்டு. என்றாலும் வயிறு அடங்கவில்லை. வைத்தியரில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து, வவுனியாவில் தன் அக்காவுக்குச் சுகமில்லை என்று போன கணவர், கொழும்புக்குத் திரும்பிவர ஆமிக்காரரின் பாஸ் கிடைக்காமல் அங்கேயே மாட்டுப்பட்டார். தனியே இருந்த நான் சமையலில் கள்ளமடித்தேன். எந்த நேரமும் சோறு, சொதி, ஏதாவது ஒரு பொரியல். வயிறு சத்தமில்லாமல் கிடந்தது. கன்னமும் வைத்தது. ஒருவழியாக வந்து சேர்ந்தவர் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் இல்லாட்டித்தான் உமக்கு உடம்பு தேறுது போல," என்றார்.

பாவம், அந்த மனவருத்தத்தோடேயே புட்டு அவித்தார். அடுத்தநாளே என் வயிறு பழையபடி ஓடத் தொடங்கியது. அப்போதுதான் குசினிக்குள் போய், அவர் மா குழைப்பதைப் பார்த்தபடி நின்றேன். அரிசி மாவோடு சரிபாதி அவித்த கோதுமை மா. புட்டு மெத்தென்று வர எங்கள் ஊரில் எல்லோரும் கலப்பதுதான். எனக்கும் தெரியும். ஆனால் துணியில் கட்டி அவித்து, அரித்து, போத்தலில் போட்டுவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அது கோதுமையே இல்லை, வெறும் புட்டு மா.

"இதுவும் கோதுமையெல்லோ?" என்று கேட்டேன்.

"இது அவிச்ச மா. வயித்துக்கு ஒண்டும் செய்யாது," என்றார்.

வைத்தியரிடம் போய்ச் சொன்னோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவித்தாலும் வறுத்தாலும் கோதுமை கோதுமைதான் என்றார். வீடு வரும்வரை இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு தனி அரிசி மாப் புட்டு. முதலில் கல்லுக் கல்லாக வந்தது, அவர் சட்டியோடு சண்டை பிடித்தார். போகப் போகக் கை பழகிவிட்டது. நானும் சதை வைத்தேன்.

பல மாதம் கழித்து ஒருநாள் காலை குடலைப் புரட்டிக்கொண்டு சத்தி வந்தது. எனக்கு விசர் பிடித்தது. ருசிக்காகத் திரும்ப மா கலந்துவிட்டார் என்று கத்தினேன். அவர் பிள்ளையார்மேல் சத்தியம் பண்ணினார். நான் நம்பவில்லை. வைத்தியர் முன்னாலேயே அவரைப் பற்றி முறைப்பாடு வைத்தேன். வைத்தியர் முழுவதையும் கேட்டுவிட்டு, கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது என்று மட்டும் கேட்டார். விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன், நாள் எப்போதோ தள்ளிப் போயிருந்தது. பரிசோதித்துப் பார்த்து, பிள்ளைதான் என்றார். அந்தக் கதிரையில் இருந்தே அழுதேன். அவ்வளவு சந்தோசம்.

அன்று மாலை வழமையான சோதனைக்குப் பொலிஸ் வந்தது. வீட்டில் எத்தனை பேர் என்று சிங்களத்தில் கேட்டார்கள். பொலிஸில் பதிந்திருந்தது எங்கள் இருவரைத்தான், பதியாத ஆள் இருந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். இவர் "துன் தெனெக்", மூன்று பேர் என்றார். பொலிஸ்காரர் மூன்றாவது ஆளைத் தேடி அறைக்குள் எட்டிப் பார்த்தார். நான் அவசரமாகப் பதிவுத் துண்டை எடுத்து நீட்டினேன். இந்த மனிசன் சிரித்துக்கொண்டே என் வயிற்றைக் காட்டினார். தன் அக்காவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளை வருகிற செய்தியை அவர் முதலில் சொன்னது அந்தப் பொலிஸ்காரருக்குத்தான்.